தணலும் எலுமிச்சையும்

(தூத்துக்குடியில் நூலக வாசகர்கள் கூடிய ஒரு மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மீன் சுடுவதைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. மேற்கே புளியங்குடிச் சந்தையிலிருந்து எலுமிச்சை மூட்டை மூட்டையாக வருகிறது. வடக்கே விளாத்திகுளம் கரிசலில் சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டு எடுக்கும் கரி லாரிகளில் வெளியூர் போகிறது. கிழக்கே மன்னார் வளைகுடா. பழமும் கரியும் மீனும் இவ்வளவு பக்கத்தில் கிடைக்கிற நாம், மீன் வாங்கினால் குழம்பு வைக்கிறோம், இல்லையென்றால் எண்ணெயில் பொரிக்கிறோம். இரண்டும் எனக்குப் பிடித்தவைதான், அவற்றைக் கைவிடச் சொல்லி நான் இங்கே வரவில்லை. எலுமிச்சை, கொஞ்சம் பச்சிலை, கொஞ்சம் எண்ணெய், உப்பு, இவற்றையே முதன்மையாகத் தொட்டுத் தணலில் சுடும் முறை ஒன்று இருக்கிறது. அதற்கும் நம் அடுக்களையில் ஓர் இடம் கேட்டு வந்திருக்கிறேன்.

இது வெளிநாட்டுச் சரக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். கரிகாலனின் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய பட்டினப்பாலையில், கடல் இறாலைச் சுட்டுத் தின்கிற மக்கள் வருகிறார்கள். சிறுபாணாற்றுப்படையில், எயிற்பட்டினத்துக்குப் போகும் பாணர்களுக்கு நெய்தல் நிலத்தார் சுட்ட உலர்மீனைக் கொடுத்து உபசரிக்கிறார்கள். அந்தப் பழக்கம் இன்னும் முழுதாக அற்றுப்போகவில்லை. கஞ்சிக்குக் கருவாட்டை அடுப்புத் தணலில் வாட்டித் தருகிற பாட்டிமார் இந்த அவையில் பலருடைய வீட்டிலும் இருந்திருப்பார்கள். கருவாட்டைச் சுடத் தெரிந்த நாம் பச்சை மீனைச் சுடுவதை ஓட்டல்காரர்களிடம் விட்டுவிட்டோம். அவர்கள் அதைச் சிவப்பு மசாலாவுக்குள் புதைத்துவிட்டார்கள். மிளகாயே போர்த்துக்கீசியர் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில் இங்கே வந்த பொருள். அதற்கு முன்பும் இந்தக் கரையில் மீன் சுட்டிருக்கிறார்கள், அதில் ருசியும் இருந்திருக்கிறது.

எலுமிச்சை மீனை என்ன செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகவே பிடிபடும்.

கடல் மீனின் உடம்பில் டிரைமெத்திலமின் ஆக்சைடு என்று ஒரு பொருள் இருக்கிறது. உப்புத் தண்ணீரில் வாழும் உயிருக்கு உடம்பின் நீர்ச்சமநிலையைக் காத்துக்கொள்ள அது வேண்டும். அதற்கு வாடை கிடையாது. மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் அதை டிரைமெத்திலமினாக மாற்றுகின்றன. நாம் மீன் கவிச்சி என்று மூக்கைச் சுளிப்பது பெரும்பாலும் இதற்குத்தான். இது காரத்தன்மை கொண்டது, எளிதில் ஆவியாகி மூக்குக்கு வருவது. எலுமிச்சையின் அமிலம் பட்டதும் இது உப்பாக மாறிவிடுகிறது, அதன்பின் ஆவியாவதில்லை. கவிச்சி அடங்குவது இப்படித்தான். குளத்து மீனுக்கு வருவது வேறு வாடை. ஜியோஸ்மின் என்ற பொருளால் வரும் மண்வாடை அது. அமிலம் அதையும் சிதைக்கும். விரால், கெண்டை கழுவும்போது புளித்தண்ணீரோ எலுமிச்சையோ விட்டுத் தேய்க்கிற நம் வீட்டுப் பெண்கள் வேதியியல் பாடம் படித்து அதைச் செய்யவில்லை, ஆனால் செய்தது சரியான காரியம்.

இரண்டாவதாக, எலுமிச்சை மீனைச் சமைக்கவும் செய்கிறது. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பெரும்பாலான கோளாறு இங்கேதான் நேர்கிறது. எலுமிச்சைச் சாற்றில் நூற்றுக்கு ஆறு, ஏழு பங்கு சிட்ரிக் அமிலம். முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் வெளுத்துக் கெட்டிப்படுவது போல, அமிலம் பட்ட மீன் சதையின் புரதமும் அவிழ்ந்து, மறுபடி பின்னி, வெளுத்து இறுகுகிறது. பெரு நாட்டில் செவிச்சே என்ற உணவே இந்த ஒரு வேலையை நம்பி இருக்கிறது. பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் புரட்டி, அடுப்பில் ஏற்றாமலே பரிமாறுவார்கள். 2023ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அமிலம் சூட்டைப்போல எல்லாக் கிருமிகளையும் புழுக்களையும் கொல்வதில்லை. அதனால் அதை நம் வீட்டில் செய்து பார்க்கும்படி நான் சொல்ல மாட்டேன். அது கற்றுத் தரும் பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

கோழியையும் ஆட்டையும் இரவெல்லாம் ஊறவைத்துப் பழகிய கை, மீனையும் அப்படியே எலுமிச்சையில் போட்டு மூடி வைத்துவிடுகிறது. ஆட்டுச் சதையில் இழைகள் நீளமானவை, அவற்றைக் கட்டிவைக்கும் கொலாஜன் நிறைய. மீனில் இழைகள் குட்டையானவை, அடுக்கடுக்கானவை. அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் கொலாஜன் மெல்லிய தாள்தான். அதை மென்மையாக்க யாருடைய உதவியும் தேவையில்லை. ஊறவைத்த இரண்டு மணி நேரத்தில் எலுமிச்சை மீனை வெளிப்பக்கமாகச் சமைத்துவிடும். பிறகு தணலில் போட்டால் அது இரண்டாம் முறை வேகிறது. நீர் வடிந்து, வெளியே சுண்ணாம்பாகவும் உள்ளே சக்கையாகவும் வருகிறது. சுட்ட மீன் வறண்டிருக்கும் என்று சொல்பவர்கள் உண்மையில் சாப்பிட்டது இரண்டு முறை வெந்த மீன்.

ஆகவே கணக்கு இது. துண்டு மீனுக்கு எலுமிச்சைச் சாறு படுவது 10 நிமிடம், போனால் 15 நிமிடம். தோலோடு இருக்கும் முழு மீனுக்கு அரை மணி நேரம் வரை போகலாம், தோல் அமிலத்தை உள்ளே விடாது. அதற்கு மேல் எதற்கும் வேண்டாம்.

அவ்வளவு குறைந்த நேரத்தில் எலுமிச்சை வாசம் எப்படி ஏறும் என்று கேட்பீர்கள். வாசம் சாற்றில் இல்லை, தோலில் இருக்கிறது. சாறு தருவது புளிப்பு. எலுமிச்சையின் மணத்தில் பெரும்பகுதி மேல்தோலில் இருக்கும் எண்ணெய்ப் பைகளில் அடங்கியிருக்கிறது. அதிலுள்ள லிமோனீன், சிட்ரல் போன்ற பொருட்கள் எண்ணெயில் நன்றாகக் கரையும், தண்ணீரில் கரையாது. ஆகையால் பழத்தைப் பிழிவதற்கு முன்பு பச்சைத் தோலை மெல்லச் சீவி, அல்லது துருவி, எண்ணெயோடு கலந்து வைத்துவிட வேண்டும். அடியிலிருக்கும் வெள்ளைப் பகுதி கசக்கும், அதைத் தொடக் கூடாது. இந்தத் தோல் கலந்த எண்ணெயில் மீன் எவ்வளவு நேரம் இருந்தாலும் சதை வேகாது. சாற்றைக் கடைசியில் விடலாம். புளிப்பையும் மணத்தையும் இப்படிப் பிரித்துக் கையாளத் தெரிந்துவிட்டால் இந்தச் சமையலில் பாதி முடிந்தது.

கிரேக்கர்கள் இதை வேறொரு வழியில் தீர்த்தார்கள். அவர்கள் மீனை உப்பும் எண்ணெயும் மட்டும் தடவிச் சுட்டு எடுக்கிறார்கள். பிறகுதான் ஆலிவ் எண்ணெய், எலுமிச்சைச் சாறு, ஓரிகானோ மூன்றையும் அடித்துக் கலந்த லடோலெமோனோவை மேலே ஊற்றுகிறார்கள். எலுமிச்சை நெருப்பைப் பார்ப்பதே இல்லை. தாய்லாந்தில் இன்னொரு வழி. மீனின் வயிற்றுக்குள் எலுமிச்சைப்புல்லையும் இலைகளையும் திணித்து, தோல்மேல் கல்லுப்பை அப்பிச் சுடுகிறார்கள். மணம் உள்ளிருந்து வெளியே வருகிறது, உப்பு தோலைக் காக்கிறது. இரண்டையும் நாம் எடுத்துக்கொள்ளலாம். நாரத்தை இலையும் எலுமிச்சை இலையும் நமக்குப் புதியவை இல்லையே. வேப்பிலைக்கட்டி என்று பெயர் வைத்து, வேப்பிலை போடாமல் இவற்றை இடித்துத் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்கிறவர்கள் நாம். அதே இலை நான்கை நடு நரம்பு நீக்கிக் கசக்கி மீனின் வயிற்றில் வைத்துப் பாருங்கள். மீன் வேகும்போது எழும்பும் ஆவி அந்த மணத்தைச் சதைக்குள் கொண்டுபோகும்.

ஓரிகானோ என்றவுடன் பெரிய கடைகளில் கண்ணாடிக் குப்பியைத் தேட வேண்டாம். அதன் மணத்துக்குக் காரணம் கார்வாக்ரால், தைமால் என்ற இரண்டு பொருட்கள். இருமலுக்குக் கஷாயம் வைக்க வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் கற்பூரவல்லியிலும் அவையே இருக்கின்றன. கற்பூரவல்லியை மருந்தாக மட்டும் வைத்துக்கொண்டது நமக்கு நஷ்டம் என்றே எண்ணுகிறேன். சூட்டைத் தாங்குகிற இலை அது. ஒரு கிலோ மீனுக்கு ஐந்தாறு இலை போதும், கூடினால் மருந்து வாசனை வந்துவிடும். கொத்தமல்லி இதற்கு நேர் எதிர். அதன் இலையின் மணம் சூடு பட்டதும் ஓடிவிடுகிறது. எனவே தண்டை நசுக்கி முதலில் சேர்க்க வேண்டும், இலையை மீன் இறங்கிய பிறகு தூவ வேண்டும். புதினாவும் கடைசியில்தான். கறிவேப்பிலையைப் பொடிப்பொடியாக நறுக்கி எண்ணெயில் கலந்தால் தணலைத் தாங்கும். எல்லா இலையையும் ஒன்றாகப் போட வேண்டாம். ஒரு மீனுக்கு இரண்டு வகை இலை, அதற்கு மேல் போனால் எதுவும் தெரியாது.

இனி எந்த மீன் என்ற கேள்வி. இதில் நான் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காது. சுடுவதற்கு வஞ்சிரத்தை விட்டுவிடுங்கள். தெற்கே நெய்மீன் என்று அதை ராஜ மரியாதையோடு வாங்குகிறோம், விலையும் அப்படித்தான். ஆனால் வஞ்சிரத்தைத் துண்டு போட்டுத்தான் விற்கிறார்கள். துண்டின் இரண்டு பக்கமும் வெறும் சதை, தணலுக்கு நேராக நிற்கிறது. அதைக் காக்கத் தோல் இல்லை. சற்றே கவனம் தப்பினால் வறண்டுவிடும். மசாலாவும் எண்ணெயும் போட்டுப் பொரித்தால் அது தெரியாது. எலுமிச்சையும் உப்பும் மட்டும் போட்டால் தெரிந்துவிடும்.

தணலுக்குப் பிறந்த மீன் கானாங்கெளுத்தி. கன்னியாகுமரிப் பக்கம் அயிலை என்பார்கள். சாளையும் அப்படியே. இரண்டும் கொழுப்புள்ள மீன்கள், முழுசாகச் சுடுகிற அளவுள்ளவை, ஏழை எளியவர் வாங்கக் கூடியவை. அந்தக் கொழுப்பு சுடும்போது உருகிச் சதையை நனைத்துக்கொண்டே இருக்கிறது. எலுமிச்சையின் புளிப்பு அந்தக் கொழுப்பை வெட்டிச் சமன்செய்கிறது. மெலிந்த மீனில் அந்தப் புளிப்பு எதிரில் யாருமின்றித் தனியே துருத்திக்கொண்டு நிற்கும். லிஸ்பன் நகரில் ஜூன் மாதம் புனித அந்தோனியார் திருவிழா இரவில் தெருத்தெருவாகக் கரியடுப்பு வைத்துச் சாளை சுடுகிறார்கள். கல்லுப்பு தவிர எதுவும் போடுவதில்லை. மீன் கொழுத்திருக்கும் பருவம் அது. ஒரு தலைநகரமே சாளையைத் திருவிழாப் பண்டமாக வைத்துக் கொண்டாடுகிறது. இங்கே விருந்தாளி வந்தால் சாளையை மறைத்து வைக்கிறோம். இந்த மனநிலை மாற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

வெள்ளைச் சதை மீன்தான் வேண்டும் என்றால் விளைமீனோ சங்கராவோ கொடுவாவோ முக்கால் கிலோ அளவில், தலையோடு முழுசாக வாங்குங்கள். வாவலும் நன்றாக வரும். செதிலைச் சுரண்டச் சொல்லுங்கள், தோலை உரிக்க விடாதீர்கள்.

ஒரு கிலோ மீனுக்கு நான் சொல்லும் அளவு இது. முதலில் 15 கிராம் தூள் உப்பை உள்ளும் புறமும் தடவிக் கால் மணி நேரம் வையுங்கள். உப்பு மேற்பரப்பு நீரை இழுத்துச் சதையை இறுக்கும். வடிந்த நீரைத் துணியால் ஒற்றி எடுங்கள். இதை யாரும் செய்வதில்லை, ஆனால் மிக முக்கியம். இரண்டு எலுமிச்சையின் தோல் துருவல், நான்கு பல் பூண்டு, பத்துப் பன்னிரண்டு மிளகு, ஒரு பச்சை மிளகாய், தேர்ந்தெடுத்த இலை, இவற்றை அம்மியில் வைத்து ஒன்றிரண்டாகத் தட்டி, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் குழையுங்கள். கடலை எண்ணெயே போதும், நல்லெண்ணெய் தன் மணத்தால் எலுமிச்சையை அமுக்கிவிடும். மீனின் இரு பக்கமும் எலும்பு தட்டும்வரை மூன்று மூன்று கீறல் போட்டு, அதற்குள் இதைத் தேயுங்கள். கரி பற்ற வைக்கும்போது தடவினால் சரியாக இருக்கும். சுடுவதற்குக் கால் மணி நேரம் முன்பு ஒரு மூடி எலுமிச்சையைப் பிழியுங்கள். மஞ்சள் போடலாமா என்பார்கள். கழுவும்போது தேய்த்தது போதும்.

அடுப்புக்கு வருவோம். சுடுவது தணல், தீ அல்ல. சீமைக் கருவேலக் கரி அடர்த்தியானது, நின்று எரிவது. இந்த மரம் நிலத்தடி நீருக்கும் நாட்டு மரங்களுக்கும் செய்த கெடுதலைப் பற்றித் தனியாக ஒரு மாலை பேசலாம், ஆனால் கரிக்கு அது நல்ல விறகு. கொட்டாங்கச்சிக் கரியும் சிறப்பு. கரி முழுக்கச் சிவந்து, மேலே சாம்பல் பூத்து, புகை நின்ற பிறகுதான் மீன் ஏற வேண்டும். சுட்ட மீனின் மணம் கரிப்புகையில் இருந்து வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். நன்றாக எரிந்த கரி அதிகம் புகைவதில்லை. மீன் கொழுப்பு தணலில் சொட்டி, அங்கே கருகி எழும்பும் ஆவிதான் அந்த மணம். அது அளவோடு இருக்க வேண்டும். கொழுப்பு தீப்பிடித்து மீனை நக்கினால், உடம்புக்கு ஆகாத ஹைட்ரோகார்பன்கள் மேலே படியும். அதனால் கரியை ஒரு பக்கம் குவித்து, மறு பக்கம் காலியாக விடுங்கள். சுடர் எழுந்தால் மீனை அந்தப் பக்கம் நகர்த்திவிடலாம்.

மீன் கம்பி வலையில் ஒட்டிப் பிய்கிறது என்பது எல்லோருடைய முறையீடு. சூடேறாத இரும்பில் ஈரமான தோல் பட்டால் புரதம் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். கம்பி வலையைக் காய வைத்து, துடைத்து, வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்து, அதன் பிறகு மீனை வையுங்கள். வைத்தபின் தொடாதீர்கள். தோல் நிறம் மாறி முறுகியதும் அதுவே வலையை விட்டுக் கொடுக்கும். வராவிட்டால் இன்னும் ஒரு நிமிடம் பொறுங்கள். ஒரே ஒரு முறை திருப்பினால் போதும். கைப்பிடியுள்ள இரட்டை வலை பாத்திரக் கடைகளில் கிடைக்கிறது, சாளைக்கு அதுதான் வசதி. வலை இல்லாத வீட்டில் வாழையிலையில் சுற்றி இரும்புத் தோசைக்கல்லில் வைக்கலாம். நல்ல உணவுதான், என்றாலும் அதைச் சுட்ட மீன் என்று நான் சொல்ல மாட்டேன், அது ஆவியில் வெந்த மீன்.

எவ்வளவு நேரம்? கனடா நாட்டு மீன்வளத் துறை பரப்பிய ஒரு கணக்கு உண்டு. மீனின் கனமான இடத்தில் அளந்து, ஓர் அங்குலத்துக்கு 10 நிமிடம். நம் தணலுக்கு 8 நிமிடத்திலேயே பார்க்கத் தொடங்க வேண்டும். முதுகெலும்புக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை விட்டு நெம்பினால் சதை அடுக்கடுக்காகப் பிரிய வேண்டும், கண்ணாடிபோல் தெரிந்தது வெண்மையாக மாறியிருக்க வேண்டும். வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு 63 டிகிரி செல்சியஸ் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்லும் அளவு. இறக்கியதும் இரண்டு நிமிடம் விட்டு, மீதமுள்ள எலுமிச்சையைப் பிழிந்து, இலையைத் தூவுங்கள். பச்சை மீன் ஊறிய எண்ணெயை மிச்சமிருக்கிறதே என்று மேலே ஊற்றிவிடக் கூடாது.

இவ்வளவு மென்மையான சமையலுக்குப் புது மீன் வேண்டும். நாள்பட்ட மீனைக் காரக் குழம்பு ஏற்றுக்கொள்ளும், எலுமிச்சை ஏற்றுக்கொள்ளாது. ருசி மட்டுமே இங்கே கேள்வி என்றால் இவ்வளவு வற்புறுத்த மாட்டேன். கானாங்கெளுத்தி, சூரை, சாளை ஆகியவற்றின் சதையில் ஹிஸ்டிடின் அதிகம். மீன் வெயிலில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அதைத் தின்றவருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் தடித்துவிடும். ஹிஸ்டமினைச் சுட்டாலும் வேகவைத்தாலும் அழிக்க முடியாது, எலுமிச்சையாலும் முடியாது. கடலில் பிடித்த நிமிடத்திலிருந்து பனிக்கட்டியில் வைப்பது ஒன்றே வழி. நம் வெப்பத்துக்கு ஒரு பங்கு மீனுக்கு ஒரு பங்கு பனிக்கட்டி வேண்டும். கடைக்காரரிடம் பனிக்கட்டியைப் பார்த்து வாங்குங்கள். வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு பெட்டி எடுத்துப் போங்கள்.

அப்படிப்பட்ட புது மீன் கிடைக்கும் பருவத்தையும் சொல்லிவிடுகிறேன். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் இல்லை, விலை ஏறிவிட்டது என்று அந்த நாட்களில் எல்லோரும் சலித்துக்கொள்கிறோம். ஆனால் நாட்டுப்படகுகள் போகின்றன. இரவில் போய்க் காலையில் திரும்புகிறவை பல. அளவு குறைவு, மீன் சிறியது, ஆனால் அன்றைக்குப் பிடித்தது. சுடுவதற்கு அதைவிட நல்ல மீன் ஆண்டில் வேறெப்போதும் கிடைக்காது. புளியங்குடி எலுமிச்சைக்குக் கோடையில் விலை கூடும், ஆனால் ஒரு கிலோ மீனுக்குத் தேவைப்படுவது இரண்டே பழம். வரும் தடைக்காலத்தில் விடியற்காலை கரைக்குப் போய், வலையிலிருந்து அப்போதுதான் எடுத்த சாளையை ஒரு கிலோ வாங்கி, அன்று மதியத்துக்குள் சுட்டுவிடுங்கள்.